நிற்காமல் வளர்ந்த ஸ்வெட்டர் கை

எனக்குக் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடுகிற எதையும் விட்டுவைக்க மாட்டேன். தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையிலிருந்து மொரீஷியஸ் போய், ரோஸ் ஹில் பக்கம் ஒரு ஸ்வெட்டர் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தபோதும் அப்படித்தான்.

வேலை அனுமதி முடிய ஒரு மாதம் இருந்தது. புதுப்பிப்பதும் ஊருக்கு அனுப்புவதும் முதலாளி கையில். மனைவி வசந்தி அப்போதுதான் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சராகியிருந்தாள். "ஒரு மாசம் எதையும் நோண்டாம உட்காருங்க" என்றாள். உட்கார முடிந்தால் நான் ஏன் இப்படி இருக்கப்போகிறேன்?

பின்னல் இயந்திரத்தை லினக்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து இயக்க ஒரு கர்னல் மாட்யூல் எழுதினேன். (கர்னல் கம்ப்யூட்டரின் உள்ளறை, மாட்யூல் அங்கேயே போய் வேலை பார்க்கும் நிரல்.) வெளியே ஓடும் சாதாரண நிரல்களுக்கென்று, தயார் நிரல்துண்டுகள் அடங்கிய ஒரு நூலகமும், அதன் அளவுகளைச் சொல்லும் தலைப்புக் கோப்புகளும் உண்டு. அவற்றை உள்ளறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கர்னலின் அளவுகள் வேறு. எனக்கும் தெரியும். ஆனால் கல்லூரி நாளிலிருந்து, பரீட்சைத் தாளில் பிள்ளையார் சுழி போடுவதுபோல், அந்தக் கோப்புகளின் பெயரை முதலில் எழுதித்தான் எதையும் ஆரம்பிப்பேன். இதிலும் எழுதினேன். நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் எச்சரிக்கையாக ஏதோ முணுமுணுத்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாரிஸிலிருந்து ஸ்வெட்டர் வாங்குபவர் வந்த அன்றைக்கே அதை ஓடவிட்டேன். (யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள்.) ஒரு ஸ்வெட்டர் கை அழகாக இறங்கியது. மணிக்கட்டு அளவு வந்ததும் நிறுத்தச் சொன்னேன். கர்னல் இரண்டு பைட் ஒதுக்கிய இடத்தில் என் மாட்யூல் எட்டு என்று எண்ணிக்கொண்டு, நிறுத்தும் கட்டளையை வேறெங்கோ எழுதிவிட்டது. திரை உறைந்தது. இயந்திரம் உறையவில்லை.

"லி பா பே அரேத்தே, அண்ணா" என்றார் இயந்திரம் பார்க்கும் சிவென், உள்ளூர்க் கிரியோல் மொழியில். செமின் கிரனியே என்ற ஊர்க்காரர்.

"நிக்கலையா?"

"நோன். கை… பெருசு."

மெயின் சுவிட்சை இழுக்கவா என்று சைகை காட்டினார். இழுத்தால் கூடத்தில் உள்ள எல்லா இயந்திரமும் நின்றுவிடும். "ஒரு நிமிஷம்" என்றேன். வாழ்க்கையில் நான் பொறுமையாக இருந்த ஒரே நிமிஷம் அதுதான். கை தரையைத் தொட்டு, சுருண்டு, வாங்குபவரின் ஷூவை மூடியது. கடைசியில் முதலாளியே போய் சுவிட்சை இழுத்தார். அந்த அமைதியில் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். வசந்தி என் சட்டைகளை மடித்து அதில் வைத்தாள். அதுதான் இன்னும் வலித்தது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "இதைச் சரிசெய்ய இங்கே வேறு யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது, மிஸ்யே."

"அப்படியென்றால் உன்னை எப்படி அனுப்புவது?" என்று எரிச்சலோடு இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். நூலகக் கோப்புகளின் பெயர்களை அழித்துவிட்டு, கர்னலின் கோப்புகளைச் சேர்த்தேன். சரியாகிவிட்டது. அரைமணி நேர வேலை. ஒரு வாரம் ஆனதாகச் சொல்லிவைத்தேன்.

போன வாரம் எங்கள் மாப்பிள்ளை குளியலறைக் குழாயைச் சரிசெய்கிறேன் என்று உடைத்து, கூடம் வரை தண்ணீர் விட்டார். வசந்தி அவர் கையில் வாளியைக் கொடுத்துச் சொன்னாள்: "கவலைப்படாதீங்க மாப்பிள்ளை, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு உங்களை யாரும் அனுப்ப முடியாது."