தொட்டிக்குள் குடிவந்த கட்டையம்மன்

பிரிக்ஃபீல்ட்ஸில் அம்மன் தோன்றியிருக்கிறாள் என்ற செய்தி கிள்ளான் வரைக்கும் ரயிலைவிட வேகமாகப் போனது. அவள் தோன்றிய இடம் புற்றுமல்ல, பாறையுமல்ல. மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி!

அது 1932. ரப்பர் விலை படுத்துவிட்டது. தோட்டங்களில் ஆட்குறைப்பு. ரயில்வேயில் யாருக்கு எப்போது சீட்டுக் கிழியும் என்று யாருக்கும் தெரியாது. மனிதனுக்கு வயிறு காயும் காலத்தில்தான் சாமியார்களுக்கு விளைச்சல் அதிகம். அந்த விளைச்சலை அறுக்க வந்தவர் சின்னையா சாமி.

தண்டவாளத்தின் ஓரமாக அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. நடுவில் மேசை. மேசைமேல் தொட்டி. தொட்டிக்குள் முறுக்கிக்கொண்ட கைகளைப் போல ஒரு வேர்க்கட்டை. போர்ட் சுவெட்டன்ஹாம் சேற்றங்கரையில் அது தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாகச் சாமி சொன்னார். கட்டைக்கு அவர் பெயர் எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதிசயங்கள் அடுக்கடுக்காக வந்தன. வெறும் தண்ணீர் செந்நிறமானது: அம்மனின் குங்குமம்! கட்டைமேல் வெள்ளையாக ஏதோ பூத்தது: அம்மனின் விபூதி! சாமி அதை வழித்து நெற்றியில் பூசினார். பக்தி முற்றியவர்கள் நாக்கிலும் வாங்கிக்கொண்டார்கள். முதலில் மிதந்துகொண்டிருந்த கட்டை சில வாரங்களில் அடியில் இறங்கியது: அம்மன் அமர்ந்துவிட்டாள்! அந்தச் சிவப்புத் தண்ணீரில் ஒரு சண்டைமீன் வேறு வாலை விரித்துக்கொண்டு திரிந்தது. அது அம்மனின் வாகனமாம். ஏறி உட்கார்ந்தால் வாகனம் நசுங்கிப்போகுமே என்று நமக்குத்தான் கவலை.

இந்துக்கள் முன்வாசலால் வந்தார்கள். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடித்த வேதக்காரர்கள் பின்வாசலால் வந்தார்கள். தீர்த்தம் எல்லாருக்கும் ஒரே நிறம்தான்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த தங்கமணியும் வந்தாள். அவள் புருஷன் வாசு, பணிமனையில் ஃபிட்டர். மலேரியாக் காய்ச்சலில் கிடந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த கொயினா மருந்தில் கொஞ்சம் தெளிந்துவந்தான். சாமி கேட்ட முதல் கேள்வியே அதைப் பற்றித்தான்.

"வெள்ளைக்காரன் மருந்து சாப்பிடுறானா?"

"ஆமா சாமி."

"அப்புறம் அம்மா எப்படி உள்ள வருவா? அதை நிறுத்து. காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் தீர்த்தம் மட்டும் கொடு."

தங்கமணி நிறுத்தினாள். காணிக்கையாகக் காதுத் தோட்டையும் கழற்றி வைத்தாள். வாசுவுக்குக் காய்ச்சல் திரும்பியது. கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்கினான். கண் மஞ்சளானது.

பக்கத்து வீட்டு மகதலேனா கஞ்சி கொண்டுபோனபோது அதைப் பார்த்தாள். மருந்துப் புட்டி அலமாரியில் அப்படியே இருந்தது. கட்டிலருகே செந்நிறத் தண்ணீர்.

"என்ன தங்கமணி இது?"

"தீர்த்தம்க்கா."

மகதலேனா டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இந்த நிறம் அவளுக்குப் புதிதல்ல. அவள் வீட்டுக் கூடத்திலும் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. கடற்கரைக்குப் போனபோது அழகாக இருக்கிறதே என்று ஒரு வேர்க்கட்டையைப் பொறுக்கி வந்து அதில் போட்டாள். மறுநாளே தண்ணீர் இதே நிறம். பதறிப்போய் மீன்காரரைக் கேட்டாள். "பயப்படாதீங்கம்மா, அது கட்டையோட சாயம். நல்லா அவிச்சு, தண்ணி மாத்தி மாத்தி ஊறப்போடுங்க. மிதந்தா கல்லு கட்டுங்க, தண்ணி குடிச்சதும் தானா இறங்கிடும். வெள்ளையாப் பூத்தா அது பூசணம், தேச்சுக் கழுவிடுங்க" என்று அவர் விளக்கினார்.

அந்த மீன்காரர் ஜாடியில் சண்டைமீன் விற்றுத் தெருத்தெருவாக நடந்தவர். பெயர் சின்னையா.

"அந்த ஆளுதான் இந்தச் சாமி. எல்லாம் தெரிஞ்சேதான் பண்றான்" என்றாள் மகதலேனா.

தங்கமணி அழுதாள். "நீங்க வேதக்காரங்க, அதான் எங்க அம்மனைப் பேசுறீங்க."

"எங்க கோயில்ல ஒருத்தர் கட்டையை ஊறவச்சு மாதா தண்ணின்னு கொடுத்தாலும் இதையேதான் சொல்வேன். சரி, என் பேச்சை நம்பாத. நாளைக்கு நீயே பாரு. அதுவரைக்கும் மருந்தை மட்டும் கொடு, உன் கால்ல விழுறேன்."

தங்கமணி தலையாட்டவில்லை. ஆனால் புட்டியை எடுத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கொட்டகை நிரம்பி வழிந்தது. மகதலேனா ஒரு தட்டில் மூன்று கண்ணாடி டம்ளர்களோடு உள்ளே போனாள். மூன்றிலும் செந்நிறம். சின்னையாவுக்கு அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனால் சபை நிறைந்திருக்கிறதே, எங்கே ஓடுவது!

"சாமி, இதுல ஒண்ணு நேத்து தங்கமணி இங்கயிருந்து வாங்கிட்டுப் போன தீர்த்தம். மத்த ரெண்டும் வேற. எதுல அம்மா இருக்கான்னு நீங்களே சொல்லுங்க."

"அம்மாவைச் சோதிக்கிறியா?"

"அம்மாவை இல்ல. உங்களை."

கூட்டத்தில் ஒருவர், "சொல்லிடுங்க சாமி, அவ வாய் அடையட்டும் லா!" என்று உற்சாகப்படுத்தினார். பக்தர்களின் ஆதரவு சில நேரம் சாமியாருக்கே ஆபத்து.

சின்னையா ஆடினார். உறுமினார். கண்ணைச் செருகிக்கொண்டு, அரைக் கண்ணால் மூன்றையும் அளந்தார். நல்ல நிறமாக, தெளிவாக இருந்த டம்ளரை இரண்டு கையாலும் தூக்கினார். "வந்துட்டா! என் தாயி இதுல இருக்கா!" என்று அலறி, அதைக் கூட்டத்தின்மேல் தெளித்தார்.

முன்வரிசை அம்மாள் ஒருத்தி உதட்டில் விழுந்ததைப் பக்தியோடு நக்கினாள். முகம் மாறியது.

"என்னங்க இது, தே ஓ மாதிரி இருக்கு?"

வாசலில் நின்ற தேத்தண்ணீர்க் கடை கௌஸ் குரல் கொடுத்தார். "மாதிரி இல்லக்கா, என் கடை தே ஓவேதான். காலையில மகதலேனா அக்காதான் வாங்கிட்டுப் போனாங்க. பாலும் இல்ல, சீனியும் போடல."

கூட்டத்தில் எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். சின்னையா விடவில்லை.

"தேயிலையிலயும் அம்மா இருப்பா!"

"அப்போ என் கடைக்கே வாங்க பாஸ். அங்க பன்னும் கிடைக்கும்" என்றார் கௌஸ்.

மகதலேனா மற்ற இரண்டு டம்ளர்களைத் தங்கமணியிடம் நீட்டினாள். "இதுல எது உன் தீர்த்தம்?" தங்கமணி மாறி மாறிப் பார்த்தாள். முகர்ந்தாள். தெரியவில்லை.

"ஒண்ணு தீர்த்தம். இன்னொண்ணு என் வீட்டு அடுப்பு விறகை ராத்திரி ஊறவச்ச தண்ணி. சேத்தங்கரை பக்காவ் மரத்து விறகு. இந்தக் கட்டையும் அதே மரத்து வேர்தான். நீங்க எல்லாரும் தினம் அம்மனை எரிச்சுத்தான் சோறாக்குறீங்க!"

தங்கமணி டம்ளரைத் தரையில் வைத்தாள். நேராகச் சின்னையா முன்னால் போய் நின்றாள்.

"என் புருஷன் செத்திருந்தா, நீ எந்த டம்ளரைத் தூக்கிக் காட்டியிருப்ப?"

சின்னையா தோட்டை மடியிலிருந்து எடுத்து நீட்டினார். கூட்டம் தொட்டியைப் பார்த்துத் திரும்பிய இடைவெளியில் பின்வாசலால் நழுவினார். வேதக்காரர்களுக்கு மட்டும் பழக்கமான வழி அது. அன்று அவருக்கும் உதவியது.

வாசுவை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்தான். பணிமனைக்குத் திரும்ப மாதக்கணக்காயிற்று. தங்கமணி அவனுக்குக் கொயினாவை ஊட்டும்போதெல்லாம், அந்தக் கசப்பு தன் வாயிலேயே இருப்பதுபோல் முகத்தைச் சுளித்தாள்.

இனி ஊர் திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? அடுத்த வாரமே சிலர் மகதலேனா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். "கட்டை பொய்தான் அக்கா, ஒத்துக்கிறோம். ஆனா அந்த மீனுக்கு ஏதாவது சக்தி இருக்குமா?"

மகதலேனா கதவைச் சாத்திவிட்டாள். நான் சாத்தமாட்டேன், உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கும்பிடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எந்தச் சாமியும் அதற்குக் கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொண்டால், அது சாமி அல்ல, சின்னையா.