பதினோரு தொட்டியும் ஒரு மூட்டைப்பூச்சி பம்பும்

பம்பாயில் கல்யாணம் பண்ணிக்கொள்வது சுலபம். பண்ணிக்கொண்ட மனைவியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதில்தான் ஆள் தேய்ந்துபோவான். எண்பதுகளின் நடுவில் நான் அப்படித்தான் தேய்ந்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதில் செண்பகத்தோடு சேர்ந்து இருந்தது பன்னிரண்டு நாள். (விருந்துக்குப் போன நாட்களைக் கழித்தால் ஏழு.) அவள் அம்பாசமுத்திரத்தில் தன் அப்பா வீட்டில் இருந்தாள். நான் தாராவியில் ஒரே அறையில் ஒன்பது திருநெல்வேலிக்காரர்களோடு முறைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர் வரும். எல்லாருடைய நலத்தையும் விசாரித்துவிட்டு ஒரே கேள்வியில் முடியும்: "ரூம் கிடைத்ததா, அத்தான்?"

குர்லாவில் ஒரு பட்டறையின் ஆபீசில் நான் கிளார்க். அங்கே யாரோ யாரிடமோ சொல்லி, செம்பூரில் விசாலம் மாமியின் வீட்டு வாசலில் ஒருநாள் போய் நின்றேன். மாமி பாலக்காட்டுக்காரர், ஓய்வுபெற்ற டீச்சர், கணவர் இல்லை. மகளின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் கோயமுத்தூர் போகவேண்டியிருந்தது; அதுவரை வீட்டோடு இருக்க ஒரு ஆள் வேண்டும். ஹாலில் ஜன்னலோரமாகப் பதினோரு தொட்டிகள்: ஏழு குரோட்டன்ஸ், மூன்று அலங்காரப் பனை, ஒரு துளசி. மாமி எனக்கு வீட்டைக் காட்டவில்லை, தொட்டிகளைத்தான் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"வீட்டை நீ பாத்துக்க வேண்டாம். அது எங்கயும் போகாது. இதுகளைப் பாத்துக்கோ. நான் வரச்சே எல்லாம் இப்படியே இருந்துதுன்னா உள்ரூம் நோக்குத்தான். ஆத்துக்காரியை அழைச்சுண்டு வந்துடு."

"இருக்கும் மாமி, கண்டிப்பா இருக்கும்."

"இல்லேன்னா தாராவிக்கு இங்கேர்ந்தே பஸ் இருக்கு, கேட்டியா."

போகிறபோது ஒரு கட்டளையும் இட்டார். தினமும் ஈரத்துணியால் இலைகளின் அடிப்பக்கத்தைத் துடைக்கவேண்டும். நான்கு நாள் துடைத்தேன். ஐந்தாம் நாள் எனக்குள் இருந்த அறிவாளி விழித்துக்கொண்டான். இலையின் அடிப்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? ஜன்னலைச் சாத்தி, ஃபேனை முழுவேகத்தில் வைத்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கால்நீட்டிப் படுத்தேன். ஏப்ரல் மாத வெயிலில் மூடிய ஹாலும் காய்ந்த காற்றும் யாருக்குக் கொண்டாட்டம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் வாரம் குரோட்டன்ஸ் இலைகளில் ஊசியால் குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளிகள் வந்தன. காம்போரமெல்லாம் மெல்லிய நூலாம்படை. சிலந்தி கூடுகட்டுகிறது என்று நினைத்து, விளக்குமாற்றை எடுத்து முதல் தொட்டியிலிருந்து கடைசித் தொட்டிவரை பக்திசிரத்தையோடு ஒட்டடை அடித்தேன். அதுவரை இரண்டு தொட்டியில் இருந்த வியாதி மறுவாரம் பதினொன்றிலும் இருந்தது. (பூச்சிகளுக்கு நான் ஓட்டிய இலவச பஸ் அந்த விளக்குமாறு என்று பிற்பாடு புரிந்தது.)

பயந்துபோய் செண்பகத்துக்கு விவரமாக எழுதினேன். அவள் அப்பாவுக்குக் கத்திரி, வெண்டைத் தோட்டம் உண்டு. பத்து நாளில் பதில் வந்தது.

"அன்புள்ள அத்தானுக்கு, அது சிலந்தி இல்லை. செம்பேன். வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டிப் பாருங்கள், தூசி நடக்கும். மருந்துக்கடைக்குப் போகவேண்டாம். முதலில் சோப்புத் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்துக் கழுவுங்கள். இரண்டு நாள் கழித்து, பக்கத்தில் வெண்டைத் தோட்டம் இருந்தால் பொறிவண்டுகளைப் பிடித்துக்கொண்டுவந்து விடுங்கள். அவை செம்பேனைத் தின்றுவிடும். ரூம் நமக்குத்தானே?"

தாளைத் தட்டிப் பார்த்தேன். தூசி நடந்தது. அன்றே சோப்புத் தண்ணீரால் எல்லாச் செடியையும் குளிப்பாட்டினேன். நியாயமாக அதையே வாரம் இரண்டுமுறை செய்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆனால் எனக்குப் பொறிவண்டு என்ற யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. நான் மல்லாந்து படுத்திருப்பேன், வேலையை வண்டுகள் பார்க்கும்.

கோவண்டிப் பக்கம் ரயில் தண்டவாளத்தை ஒட்டி வெண்டையும் கீரையும் போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட டிபன் டப்பாவோடு போய், குனிந்து குனிந்து பிடிக்க ஆரம்பித்தேன். இருபது பிடித்திருப்பேன். பின்னால் ஒரு மண்வெட்டி வந்து நின்றது. அதைப் பிடித்திருந்த பெரிய மீசைக்காரர் கத்தினார்.

"ஏய்! க்யா சோரி கர்தா ஹை?"

"சோரி நை, பாய். கீடா," என்றேன். திருட்டு இல்லை, பூச்சி என்பதை என்னுடைய இந்தியில் அவ்வளவுதான் சொல்லமுடிந்தது.

அவர் டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு டிபன் டப்பாவை மறுபடியும் பார்த்தார்.

"காயேகா க்யா?" இதைத் தின்னவா போகிறாய் என்று அவர் கேட்டது எனக்குப் புரியவே சற்று நேரம் ஆயிற்று. நான் தலையை ஆட்டி மறுப்பதற்குள் அவருக்கு மனம் இளகிவிட்டது. ஒரு கை வெண்டைக்காயைப் பறித்து என் சட்டைப்பையில் திணித்து, "யே கா பாய், யே கா," என்றார், இதைத் தின்னு என்று. பசியில் பூச்சி தின்கிற நிலைக்கு ஒரு மதராசி வந்துவிட்டான் என்ற துக்கம் அவர் குரலில் இருந்தது. செம்பூர் ஒரே ஸ்டேஷன்தான். அதற்குள் ரயில் நெரிசலில் மூடி நெகிழ்ந்து, என் முன்னால் நின்றவரின் வெள்ளைச் சட்டை முதுகில் நாலைந்து வண்டுகள் வரிசையாக ஏறிப் போயின. நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் திறந்துவிட்டதும் மிச்ச வண்டுகள் செடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே டியூப்லைட்டுக்குப் போய்விட்டன. அதனால் மூன்று நாள் விளக்குப் போடாமல் இருட்டிலேயே சமைத்து இருட்டிலேயே சாப்பிட்டேன். (உப்புமாவில் கடுகு எது, வண்டு எது என்று தெரியாத மூன்று நாட்கள். அதற்குமேல் சொல்ல விருப்பமில்லை.) கடைசியில் சில வண்டுகள் மனமிரங்கிச் செடிகளில் தங்கின. புதுத்துளிர்கள் புள்ளியில்லாமல் வந்தன. நூலாம்படை குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "ரூம் நமக்குத்தான்," என்று செண்பகத்துக்கு எழுதிப் போட்டேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடந்தன. மாமியிடமிருந்து கார்டு வந்தது: பிரசவம் முன்னாலேயே ஆகிவிட்டது, புதன்கிழமை வந்துவிடுகிறேன். கார்டைப் படித்துவிட்டு ஓடிப்போய் இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கமெல்லாம் கறுப்புக் கறுப்பாக, முள்முள்ளாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளியோடு அரிசி நீளத்தில் ஏதேதோ ஊர்ந்துகொண்டிருந்தன. செம்பேன் வளர்ந்து பெரிதாகிவிட்டது என்று நான் முடிவுகட்டினேன். தூசியாக இருந்தபோதே அந்தப் பாடுபடுத்தியது. இப்போது காலும் முதுகும் முளைத்து வந்திருக்கிறதே!

நேரே தாராவிக்கு ஓடினேன். அங்கே தோல்பை பட்டறை வைத்திருந்த மைதீன் பாய் கடையநல்லூர்க்காரர், எனக்கு எல்லாவற்றுக்கும் கதி. அவரிடம் தகர டப்பா வைத்த கைப்பம்பு ஒன்று உண்டு.

"பம்பு இருக்குவே. ஆனா நேத்துதான் மூட்டைப்பூச்சிக்கு மண்ணெண்ணெய்ல மருந்து கலந்து அடிச்சேன். சோப்பு போட்டு நாலு தடவை கழுவிட்டு எடும். சும்மா அலசிட்டு அடிச்சிராதியும், கேட்டீரா?"

"கழுவிருதேன் பாய்."

ஞாயிறு காலை நான் பம்பை எடுத்தபோது குழாயில் தண்ணீர் நிற்கிற நேரம். விரல் கனத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு முறை அலசினேன். வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து ஊற்றி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, போர்வீரனைப்போல ஹாலுக்குள் நுழைந்தேன். ஒரு மணி நேரம் அடித்தேன். இலைக்கு மேலே அடித்தேன், கீழே அடித்தேன், விழுந்ததன்மேலும் அடித்தேன். துளசியை மட்டும் தொடவில்லை. அதுகூட அறிவினால் இல்லை. மாமி தீர்த்தத்தில் போடுகிற இலையில் மண்ணெண்ணெய் வாடை வந்தால் தெய்வக் குற்றமாகிவிடுமே என்ற பயம்தான். கறுப்புப் பூச்சிகள் சாரிசாரியாக உதிர்ந்தன. எண்ணிப்பார்த்து மகிழ்ந்தேன் என்பதையும் வெட்கத்தோடு இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலை எழுந்து வந்தால், பூச்சிகளுக்குப் பக்கத்திலேயே இலைகளும் கிடந்தன. ஏழு குரோட்டன்ஸும் ஏழு குச்சிகளாக நின்றன. பனைகள் அப்பளம் மாதிரி பொரிந்திருந்தன. ஒரு இலையைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் செண்பகத்தின் லெட்டர் வந்தது. "அத்தானுக்கு, போன கடிதத்தில் ஒன்று எழுத விட்டுப்போயிற்று. சில நாளில் இலைக்கு அடியில் கறுப்பாக, முள்ளாக, ஆரஞ்சுப் புள்ளியோடு புழு வரும். பார்க்கப் பயமாக இருக்கும். அது பொறிவண்டின் குஞ்சு. பெரிய வண்டைவிட அதுதான் அதிகம் தின்னும். தயவுசெய்து அதை ஒன்றும் செய்துவிடாதீர்கள். மருந்து கிருந்து அடித்தால் நம் ஆட்களே முதலில் சாவார்கள். நான் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டேன்."

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. செடிக்காகவோ வண்டுக்காகவோ இல்லை. துடைத்து வைத்த அந்தப் பெட்டியை நினைத்து நடுஹாலில், உதிர்ந்த இலைகளின்மேல் உட்கார்ந்து அழுதேன்.

புதன்கிழமை மாமி வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. பத்துத் தொட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். பதினோராவதாகத் துளசியிடம் வந்து நின்றார். துளசி பச்சென்று, ஒரு புள்ளியில்லாமல் நின்றது. அதன் இலையடியில் நான் கொல்லாமல்விட்ட நாலைந்து கறுப்புக் குஞ்சுகள் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

"இது மட்டும் எப்படிடா பொழைச்சுது?"

இரண்டு லெட்டர்களையும் நீட்டினேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பரீட்சைப் பேப்பரைப்போல நிதானமாகப் படித்தார். செம்பேன், சோப்பு, வண்டு, குஞ்சு, டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் படித்தார்.

"இந்தப் பொண்ணு எங்கே இருக்கா?"

"ஊர்ல மாமி. அவ அப்பா வீட்ல."

"தந்தி அடி. உள்ரூம் அவளுக்கு."

"அப்ப நான், மாமி?"

மாமி என்னையும் குச்சிகளையும் மாறிமாறிப் பார்த்தார். "அவ சரின்னு சொன்னா நீயும் வந்து இருந்துக்கோ. ஆனா அந்தப் பம்பு இந்த வாசப்படி ஏறப்படாது."

செண்பகம் வந்தாள். ஆடி மழையில் ஏழு குரோட்டன்ஸில் ஆறு துளிர்த்தன. ஒரு பனையும் பிழைத்தது. மாமி இருந்தவரை அந்த வீட்டில் நான் எந்தச் செடிக்கும் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. ஊற்ற யாரும் விட்டதில்லை என்பதே சரி.

அந்தக் கட்டடத்தில் வெளியாள் தங்கினால் சொசைட்டி செக்ரட்டரிக்குக் கடிதம் கொடுக்கவேண்டும். மாமி தன் முத்துமுத்தான டீச்சர் கையெழுத்தில் எழுதிக்கொடுத்தார்: "என் வீட்டின் உள்ளறையில் திருமதி செண்பகவல்லி தங்குகிறார். உடன் இருப்பவர்: கணவர்." என் பெயரைப் போடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதன் நகல் இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கண்டெடுத்த நாளிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். "உடன் இருப்பவர் சாப்பிட்டாச்சா?" என்பார்கள். யாராவது போன் செய்தால், "அம்மா இல்லை, உடன் இருப்பவர் இருக்கார், தரட்டுமா?" என்பார்கள்.

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க மாட்டுங்காவில் கொடுத்தோம். எழுதிக்கொடுத்தது மகள். ப்ரூஃப் வந்தபோது பார்த்தால், அழைப்பவர்கள் என்ற இடத்தில் "திருமதி செண்பகவல்லி, உடன் இருப்பவர்" என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. நான் அதைத் திருத்தக்கூட இல்லை. செண்பகம்தான் என் கையிலிருந்து பிடுங்கி, பேனாவை எடுத்து, தன் பெயருக்கு மேலே என் பெயரைப் பெரிதாக எழுதினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகாவது மன்னித்தாளே என்று ப்ரூஃபை வாங்கிப் பார்த்தேன். என் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், "உடன் இருப்பவர்" என்பதையும் தன் கையாலேயே எழுதியிருந்தாள்.