பீர்க்கன்கரணையில் எல்லாம் பச்சை

பெற்ற தாயை நேரில் போய்ப் பார்க்கவேண்டிய கஷ்டத்திலிருந்து மனிதகுலம் விடுதலை பெற்ற நாள் என்று ஒரு நாளை வருங்கால வரலாற்று ஆசிரியர்கள் குறிக்கத்தான் போகிறார்கள். அவர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று இப்போதே சொல்லிவிடலாம். அது சென்ற ஜூன் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. இடம், மேடவாக்கம். விடுதலை வாங்கிக் கொடுத்தவர், ஜாய்சன் லாசரஸ்.

ஜாய்சன் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் 'டெலிவரி மேனேஜர்'. எதை, யாருக்கு டெலிவரி செய்கிறார் என்பது அவர் மனைவி ஜெரூஷாவுக்கே இன்றுவரை பிடிபடவில்லை. தாயார் ரத்தினபாய் முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு, பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஒரு சின்ன வீட்டை வாங்கிக்கொண்டு தனியாக இருந்தார். மகனுடைய அப்பார்ட்மெண்டில் பன்னிரண்டு நாள் தங்கிப் பார்த்ததும் உண்டு.

"லாரி வந்தா தண்ணி, நீ வந்தா பேச்சு. ரெண்டுக்கும் காத்துக்கிட்டு உக்கார என்னால முடியலை தம்பி" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்படியாகத் தாய்க்கும் மகனுக்கும் நடுவே பதினான்கு கிலோமீட்டர் விழுந்தது. பதினான்குதானே என்று இளப்பமாக நினைப்பவர்கள் மேடவாக்கம் கூட்டுரோட்டை மாலையில் கடந்து பார்த்திருக்க மாட்டார்கள். அதைக் கடந்தால் செம்பாக்கம் உண்டு, கேம்ப் ரோடு உண்டு, இரும்புலியூர் உண்டு. டொரான்டோவில் இருக்கிற பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு முறை வந்து அம்மாவைப் பார்த்துவிடுகிறார்கள் என்றால், அவர்களுக்கு நடுவில் இருப்பது வெறும் கடல்தானே.

இந்த இடத்தில்தான் அறிவியல் கை கொடுத்தது. ஜாய்சன் ஒரு 'குரல் உதவியாளர்' வாங்கினார். இட்லித் தட்டை விடக் கொஞ்சம் சின்னதாக ஒரு பெட்டி. சொன்னால் விளக்குப் போடும், ஃபேனை நிறுத்தும், மழை வருமா என்று சொல்லும். இதெல்லாம் எல்லாப் பெட்டியும் செய்கிற வேலை. இந்தப் பெட்டியின் தனிச்சிறப்பு 'குரல் நகல்'. ஜாய்சன் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தார். அதன் பிறகு பெட்டி எதைப் பேசினாலும் ஜாய்சன் குரலில்தான் பேசியது. அம்மா தன்னைக் கூப்பிடுகிற மாதிரியே அதற்கும் 'தம்பி' என்று பெயர் வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை பீர்க்கன்கரணைக்குப் போய், ஏணி போட்டு ஒயர் இழுத்து, வரவேற்பறை ஜன்னலோரம் பெட்டியை வைத்துவிட்டு, "கூப்பிடுங்கம்மா" என்றார்.

"தம்பி" என்றார் ரத்தினபாய்.

"சொல்லுங்கம்மா" என்றது பெட்டி.

கூப்பிட்டவுடன் அந்தக் குரலில் "சொல்லுங்கம்மா" என்று கேட்டுப் பல வருடம் ஆகியிருந்ததால் ரத்தினபாய்க்குக் கண் கலங்கிவிட்டது. பயனாளர் திருப்தி அடைந்துவிட்டார் என்று ஜாய்சன் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, வந்து ஐம்பதாவது நிமிடம் கிளம்பினார்.

'தாய்ப் பராமரிப்புத் தானியங்கித் திட்டம்' என்று அவர் பெயர் சூட்டிய ஏற்பாடு மிக எளிமையானது. தினமும் மூன்று வேளை பெட்டி மூன்று கேள்வி கேட்கும். சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? நல்லா தூங்கினீங்களா? அம்மா பதில் சொன்னால் ஜாய்சனுடைய கைப்பேசியில் பச்சைப் புள்ளி விழும். பத்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் சிவப்பு விழுந்து, அங்கே சங்கு ஊதி, இங்கே கைப்பேசி அலறும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வயிறு வேறாக இருப்பதால் சாப்பாட்டை விசாரிக்கவேண்டியிருக்கிறது. விசாரிக்கிற வாயும் வேறாக இருக்கலாம் என்பது ஜாய்சனின் கண்டுபிடிப்பு.

ஒரே ஒரு தடவைதான் சிவப்பு விழுந்தது. ஜாய்சன் உடனே அம்மாவுக்குப் போன் போட்டார்.

"எங்கம்மா போனீங்க? கிளையன்ட் முன்னாடி எனக்கு ரெட் வந்துடுச்சு."

"குளிச்சிட்டு இருந்தேன் தம்பி."

"குளிக்கப் போறதுக்கு முன்னாடி தம்பிகிட்ட சொல்லிட்டுப் போங்கம்மா. பத்து நிமிஷம் டைம் குடுத்திருக்கேன்ல?"

"சரிப்பா. இனிமே உனக்கு ரெட் வராம பாத்துக்கறேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற தலைமுறை அது. அன்றிலிருந்து கைப்பேசியில் புள்ளிப் பலகை முழுக்கப் பச்சை.

ஜூலையில் ரத்தினபாய்க்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, வலது கண்ணுக்கு உடனே ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொன்னார். கூட ஒரு ஆள் வரவேண்டும், கையெழுத்துப் போடவேண்டும். ரத்தினபாய் மகனுக்குப் போன் செய்தார். "மீட்டிங்ல இருக்கேம்மா, எதா இருந்தாலும் தம்பிகிட்ட சொல்லிடுங்க, எனக்கு வந்துடும்" என்று பதில் வந்தது. அவர் தம்பியிடம் சொன்னார். அந்த உரையாடல் பெட்டியின் நினைவகத்தில் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது.

"தம்பி, எனக்குக் கண் ஆபரேஷன்னு ஜாய்சன்கிட்ட சொல்லணும்."

"சரிம்மா. 'ஜாய்சனிடம் சொல்லவேண்டும்' என்று நினைவூட்டல் வைத்துவிட்டேன்."

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெட்டி தானாகவே பேசியது. "அம்மா, ஒரு நினைவூட்டல். ஜாய்சனிடம் சொல்லவேண்டும்."

"அதைத்தானேப்பா உன்கிட்ட சொன்னேன்."

"மகிழ்ச்சி அம்மா. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

பதினாறு நாள் தவறாமல் காலை பத்து மணிக்கு இது நடந்தது. அம்மாவிடம் மகனைப் பற்றி இவ்வளவு விடாமல் ஞாபகப்படுத்திய பெட்டி மகனிடம் எதையும் சொல்லவில்லை. அதன் கடமை நினைவூட்டுவதோடு முடிந்தது. பதினேழாம் நாள் ரத்தினபாய் நினைவூட்டலுக்குப் பதில் பேசவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாளிடம் பேசினார்.

ஜாய்சனுக்கு இதொன்றும் தெரியாது. அவர் புகழின் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார். பச்சைப் பலகையின் படத்தைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். பார்த்த எல்லாரும் கைகூப்பிய படம் போட்டார்கள். மேடவாக்கத்துச் சபையின் ஆண்கள் ஐக்கியச் செயலாளர் சுந்தர்சிங், ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு 'பெற்றோரைக் கனம்பண்ணுதல்: ஒரு நவீன அணுகுமுறை' என்ற தலைப்பில் பேச அழைத்துவிட்டார். ஜாய்சன் இருபத்திரண்டு ஸ்லைடு தயாரித்தார். அதற்காக அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமை வீட்டிலேயே உட்காரவேண்டியிருந்தது. அம்மாவைப் பார்க்கப் போயிருந்தால் அம்மாவைக் கவனிப்பது எப்படி என்று தயார் செய்ய நேரம் இருந்திருக்காது.

ஞாயிறு பதினொன்றேகால். ஹாலில் அறுபது பேர். காபியும் சமோசாவும் முடிந்திருந்தது.

"நாப்பத்து மூணு நாளா ஒரு ரெட் கூடக் கிடையாது" என்று ஜாய்சன் திரையைக் காட்டினார். "இன்னொண்ணு பாருங்க. நேத்து காலையிலேருந்து அம்மாவோட மனநிலை 'உற்சாகம்'லேருந்து 'மிக உற்சாகம்'னு மாறியிருக்கு. குரல்ல வயசு பத்து குறைஞ்சிருக்குன்னு சிஸ்டம் சொல்லுது."

கைதட்டல். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நேரடியாவே கேட்டுடலாமே" என்றார் சுந்தர்சிங்.

ஜாய்சன் பொத்தானை அமுக்கினார். பதினான்கு கிலோமீட்டருக்கு அப்பால் அவருடைய குரல் கேட்டது, ஹால் ஸ்பீக்கரிலும் கேட்டது. "அம்மா, சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? நல்லா தூங்கினீங்களா?"

பிறகு ஸ்பீக்கரில் ஒரு கதவு திறக்கிற சத்தம்.

"ஏம்பா, நேரங்கெட்ட நேரத்துல கேக்கற? துன்னாச்சி. மாத்தர போட்டாச்சி. நல்லா தூங்கியாச்சி. போதுமா? அடுப்புல கொழம்பு கீது, நான் போறேன்."

திரையில் மூன்று பச்சைப் புள்ளி விழுந்தது. மனநிலை, மிக உற்சாகம்.

"அம்மா எவ்ளோ கலகலப்பா பேசுறாங்க, பாருங்க" என்று சுந்தர்சிங் மைக்கில் சொன்னார். அறுபது பேரும் கைதட்டினார்கள். வகுப்பில் ழகரம் சறுக்கினால் எழுந்து நிற்க வைத்த ரத்தினபாயின் குரல் அதுவல்ல என்று தெரிந்தவர்கள் அந்த ஹாலில் இரண்டே பேர். ஒருவர் மேடையில் நின்றார். மற்றவர் ஜெரூஷா.

"ஜாய்சன், அது அத்தை இல்ல" என்றார் அவர், மேடைக்குக் கீழே வந்து.

ஜாய்சன் அம்மாவின் கைப்பேசிக்குப் போட்டுப் பார்த்தார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். காரை எடுத்தார். செம்பாக்கம், கேம்ப் ரோடு, இரும்புலியூர் எல்லாம் வந்து வந்து பின்னால் போயின. பீர்க்கன்கரணையில் இறங்கி மணி பார்த்தார். முப்பத்தொரு நிமிடம் ஆகியிருந்தது. இத்தனை காலம் அந்தச் சாலையைப் பற்றி அவர் சொல்லிவந்ததற்கு, சாலை மட்டும் மனுஷியாக இருந்தால் மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கும்.

வீடு பூட்டியிருந்தது. போன் போட்டார். உள்ளே மேஜை மேல் மணி அடித்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி" என்று கத்தினார்.

"சொல்லுங்கம்மா" என்று அவருடைய குரலே பதில் சொன்னது.

"அம்மா எங்க?"

"அம்மா நலமாக இருக்கிறார். இன்று இரண்டு முறை பதிலளித்தார். மனநிலை, மிக உற்சாகம்."

"வீட்ல ஆளே இல்லைடா. அம்மா எங்க?"

"மன்னிக்கவும். அம்மாவைப் பற்றி ஒரு நினைவூட்டல் மட்டும் இருக்கிறது. ஜாய்சனிடம் சொல்லவேண்டும்."

"என்ன சொல்லணும்?"

"கண் ஆபரேஷன்" என்றது பெட்டி, ஜாய்சன் குரலில், கொஞ்சமும் பதற்றமில்லாமல்.

ஜாய்சன் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து, கையில் கரண்டியோடு ஓர் அம்மாள் வந்தார்.

"யாருபா அது, பூட்டின வூட்டாண்ட கத்திகினு?" கிட்டே வந்து முகத்தைப் பார்த்தார். "அட, பொட்டி மாட்டினு போன ஆளுதானே நீ? ஏணி மேல பாத்தேன். ரிப்பேருக்கு வந்தியா? நல்லாத்தான் பேசுது. இப்பகூட கேட்டுது."

"நீங்கதான் பதில் சொன்னீங்களா?"

"பின்ன? டீச்சரம்மா சொல்லிட்டு இல்ல போயிருக்குது. பொன்னி, இந்தப் பொட்டி கேட்டா 'உள்ளேன் ஐயா' மாதிரி, யாரு சொன்னாலும் ஏத்துக்கும், நீ சொல்லிடு, இல்லாட்டி எம்புள்ளைக்கி ஆபீஸ்ல ரெட்டு வந்துடும்னுச்சி. ரெட்டு வந்தா வேலை போயிடுமோ இன்னாவோன்னு நானும் ஜன்னலாண்ட ஓடியாந்து ஓடியாந்து சொல்றேன்."

"அம்மாவுக்கு எப்ப ஆபரேஷன்?"

"நேத்து காலைல. எங்கூட்டுக்காரருதான் இட்டுகினு போனாரு. இப்ப இட்டாரப் போயிகீறாரு. கையெழுத்துப் போடச் சொல்ல, நீ இன்னா வோணும்னு கேட்டாங்களாம். தம்பின்னு போட்டுட்டாரு." பொன்னியம்மாள் கரண்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "நல்ல மனுசி. புள்ளைய ஒரு குத்தம் சொல்லாது. ரொம்ப தூரத்துல கீறான், வர முடியாதுன்னும். துபாயா, சிங்கப்பூரா, எது?"

இருபத்திரண்டு ஸ்லைடில் எதிலும் இந்தக் கேள்விக்கு விடை இல்லை.

தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. பொன்னியம்மாளின் கணவர் லோகநாதன் முதலில் இறங்கி, ரத்தினபாயைக் கைபிடித்து இறக்கினார். முகத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடி. கட்டுப் பிரித்துச் சொட்டு மருந்து விட்டிருந்ததால் ஒரு கண் கூசியது. புரை இருந்த மற்றது மங்கல். வெயிலுக்குத் தலையைக் குனிந்துகொண்டு, வழி தெரிந்த கால்களால் நடந்து வந்தார்.

ஜாய்சன் ஜன்னலோரமே எழுந்து நின்றார். 

"அம்மா, நான் தம்பி."

ரத்தினபாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சாப்பிட்டேன். மாத்திரை போட்டேன். நல்லா தூங்கினேன்" என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றச் சுவரைத் தடவினார்.

"டீச்சரம்மா, பொட்டி இல்ல" என்றார் பொன்னியம்மாள். அவருக்கு இப்போதுதான் விளங்கியிருந்தது. "ஆளு. உன் புள்ள. மெய்யாலுமே வந்து நிக்குது."

ரத்தினபாய் ஒரு கையைச் சுவரில் வைத்தபடி சிரித்தார். தவறான விடை சொன்ன பிள்ளையை அடிக்காமல் திருத்துகிற சிரிப்பு.

"சும்மா இரு பொன்னி. மேடவாக்கத்துலேருந்து பெட்டிதான் வரும். ஆளு வராது."