மாரிடாலனில் என்னைத் தேடினார்கள்

தவமணியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் தொலைக்காட்சியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி அறை. சுவரில் சின்னத் தொலைக்காட்சி. அதில் அயர்லாந்தின் நாட்டுப்புறம் ஓடிக்கொண்டிருந்தது. பச்சைப் புல்வெளி, வளைந்து போகிற ஆறு, ஆற்றங்கரையில் கூரை விழுந்த பழைய தேவாலயம். சுற்றுலா வந்தவர்கள் அதற்குள் போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ, உதைப் பாருங்கோ. சப்பாத்தோடை கோயிலுக்கை போகினம்!"

"அது இடிஞ்சுபோன கோயிலப்பா. கூரையே இல்லை."

"கூரை இல்லையெண்டால்? கடவுள் வீடு மாறிப் போட்டாரோ?"

கலியாணம் கட்டிய நாளில் இருந்தே அவள் இப்படித்தான் கேட்பாள்.

"எனக்குச் சுகம் வரட்டும். அயர்லாந்துக்குப் போவம். நாங்கள் சப்பாத்தைக் கழட்டி, காலைக் கழுவிப்போட்டுத்தான் உள்ளுக்கை போவம். என்ன?"

"ஓம்."

"சும்மா ஓம் எண்டாதேங்கோ. சப்பாத்தைச் சோடியா வைக்கோணும். வீட்டிலை வைக்கிற மாதிரி ஒண்டு வடக்கை, ஒண்டு தெற்கை இல்லை."

"ஓம், ஓம்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். அடுத்த நாள் விடியத் தொலைபேசி வந்தது.

அயர்லாந்துக்கு நான் இன்னும் போகவில்லை. போக விடவில்லை.

விடாதவள் என் மகள் துளசி. நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில், எரிவாயு ஆலையில் பொறியியலாளர். நான் செய்கிற பிழைகளுக்கு அவள் வைத்திருக்கிற பெயர் 'சம்பவம்'.

முதலாவது சம்பவம், ஒஸ்லோவின் சுரங்க ரயிலான டி-பானேயில் நித்திரையாகி, வீடு இருக்கிற குரோருட்டில் இறங்காமல் கடைசித் தரிப்பு வரைக்கும் போனது. திரும்பி வரும்போதும் நித்திரையாகி மற்றப் பக்கக் கடைசித் தரிப்பு வரைக்கும் போனது.

இரண்டாவது சம்பவம், பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் அயலவரோடு கதைத்துக்கொண்டு நின்றது. முழுக் கட்டடமும் பனிக்குள் வந்து நின்று என் பருப்பின் புகையைப் பார்த்தது.

"அப்பா, இன்னும் ஒரு சம்பவம். ஒண்டே ஒண்டு. பிறகு குரோருட் வீட்டை வித்துப்போட்டு இஞ்சை வாறியள். கதை இல்லை."

ஹம்மர்பெஸ்ட் நல்ல ஊர்தான். ஆனால் மார்கழியில் அங்கே சூரியன் எழும்பாது. ஆனியில் படுக்காது. அப்படிப்பட்ட சூரியனோடு இந்த வயதில் நான் குடும்பம் நடத்த முடியாது.

ஆகவே சம்பவம் இல்லாமல் வாழ முடிவெடுத்தேன். அயர்லாந்து தூரம். ஆனால் மாரிடாலன் பக்கத்தில்தான். ஒஸ்லோவுக்கு வடக்கே, வயலும் ஆறும் ஏரியுமாக ஒரு பள்ளத்தாக்கு. அங்கேயும் கூரை இல்லாத கல் தேவாலயம் ஒன்று இருக்கிறது. மிகப் பழையது. அயர்லாந்துக்குப் பதிலாக இது போதும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை செய்ய வேண்டிய வேலை இவ்வளவுதான். பஸ்ஸில் போவது, ஆற்றங்கரையால் நடப்பது, கோயிலைப் பார்ப்பது, தமிழ்க் கடையில் வாங்கிய றோல்ஸைச் சாப்பிடுவது, பின்னேரம் துளசி தொலைபேசி எடுப்பதற்கு முன் வீட்டில் இருப்பது.

இதில் பிழை வர என்ன இருக்கிறது?

ஆற்றங்கரைப் பாதை அழகாக இருந்தது. வெயில். தூரத்தில் செம்மறிகள். தண்ணீர் சளசளத்துக்கொண்டு ஏரிக்குப் போனது. ஓர் இடத்தில் அறிவிப்புப் பலகை. 'இது குடிநீர். குளிக்கத் தடை.'

நல்ல சட்டம் என்று நினைத்தேன். யார் குளிக்கப் போகிறார்கள்?

கோயில் மதில் தெரிந்தவுடன் கரைக்கு இறங்கினேன். சப்பாத்தைக் கழற்றினேன். சோடியாக வைத்தேன். நுனி தண்ணீரைப் பார்க்க, குதி இரண்டும் ஒரே கோட்டில். தவமணி வந்து அடிமட்டம் வைத்துப் பார்த்தாலும் பிழை பிடிக்க முடியாது.

ஜாக்கெட்டுக்குள் வேர்த்தது. அதையும் கழற்றி, மடித்து, சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். தொலைபேசி அதன் பைக்குள்.

காலுறை வேர்வையில் ஈரமாகியிருந்தது. சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. வந்த புதிதில் நோர்வே மொழியான நொஸ்க் வகுப்பில் தவமணி பின்னப் பழகினாள். அங்கே அவள் படித்து முடித்தது அது ஒன்றுதான். வலது காலுறை இடதைவிட நீளம். "கால் வளரும்" என்று அப்போது சமாதானம் சொன்னாள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

இரண்டையும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கிளையில் காயப் போட்டேன்.

பிறகு காலைக் கழுவினேன். அம்மாடி! தண்ணீர் இல்லை அது, உருகிய பனி. பற்கள் அடித்துக்கொண்டன.

வெறுங்காலோடு, காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, றோல்ஸ் பையோடு கோயிலுக்குள் போனேன். உள்ளே புல். மேலே வானம். ஒருவரும் இல்லை.

"வந்திட்டன். கழட்டிட்டன். கழுவிட்டன்" என்றேன்.

றோல்ஸ் சாப்பிட்டேன். மதிலில் சாய்ந்தேன். வெயில் முகத்தில் விழுந்தது.

மூன்றாவது சம்பவம் அங்கேதான் தொடங்கியது. நித்திரை.

சைரன் சத்தத்தில் எழும்பினேன். வெளியே வந்து பார்த்தால் ஆற்றங்கரையில் தீயணைப்பு வண்டி, அம்புலன்ஸ், பொலிஸ் கார், கூட்டம். கறுப்பு உடுப்புப் போட்ட சுழியோடிகள் தண்ணீருக்குள் நின்றார்கள்.

நாயோடு நின்ற ஒரு நோர்வே அம்மாவிடம் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஒரு வயதான மனிதர் தண்ணீருக்குள் போய்விட்டார். நான்தான் அறிவித்தேன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

"அடப் பாவமே! தவறி விழுந்தவரோ?"

"இல்லை. சப்பாத்தைப் பார்க்க வேண்டுமே! குளிக்கப் போகிறவர் கழற்றி எறிவார். இவர் அவ்வளவு ஒழுங்காகச் சோடியாக வைத்திருக்கிறார். திரும்பி வர நினைக்காதவர்தான் அப்படி வைப்பார்."

நான் தலையை ஆட்டினேன். யார் பெற்ற பிள்ளையோ!

"தனிமையான மனிதர். ஜாக்கெட்டில் ஒரு பொத்தான், வேறு நிற நூலால் தைத்திருக்கிறார். கோணலாக. கவனிக்க ஆள் இல்லை."

அங்கேதான் எனக்குச் சின்னதாக ஒரு இடி இடித்தது. அந்தப் பொத்தானை நான் தைத்தேன். அது ஒன்றும் அவ்வளவு கோணல் இல்லை.

"ஆனால் ஒரு காலத்தில் யாரோ இருந்திருக்கிறார்கள்" என்றார் அந்த அம்மா. "காலுறை கையால் பின்னியது. ஒன்று கிளையில் கிடக்கிறது. மற்றது தண்ணீரில் போனதை என் கண்ணால் கண்டேன்."

எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் விரிப்பில் என் சப்பாத்து. என் ஜாக்கெட். கிளையில் இருந்த இடது காலுறை.

தேடப்படுகிற பிரேதம் நான்தான்!

அந்த அம்மா என் காலைப் பார்த்தார். "நீங்கள் ஏன் வெறுங்காலோடு நிற்கிறீர்கள்?"

"உடம்புக்கு நல்லது" என்றேன்.

நம்பிவிட்டார். உடம்புக்கு நல்லது என்று சொன்னால் இந்த நாட்டில் எதையும் நம்புவார்கள்.

நேரே போய் "நான்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். நல்ல மனிதர் அதைத்தான் செய்வார். எனக்கோ ஹம்மர்பெஸ்ட் கண்ணுக்கு முன்னால் வந்தது. சத்தமில்லாமல் சப்பாத்தையும் தொலைபேசியையும் எடுத்துவிட்டால், பிறகு பொலிஸிடம் மட்டும் காதோடு காதாகச் சொல்லிவிடலாம். துளசிக்குத் தெரிய வராது.

ஆனால் செத்தவரின் சப்பாத்தை எப்படிக் கேட்டு வாங்குவது?

விரிப்புக்குப் பக்கத்தில் ஒரு இளம் பொலிஸ்காரி குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போய் நொஸ்க்கில் கேட்டேன்.

"நல்ல சப்பாத்து. இனி இதை என்ன செய்வீர்கள்?"

அவள் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சேறு அப்பிய காலைப் பார்த்தாள். மடித்த காற்சட்டையைப் பார்த்தாள். திரும்பவும் முகத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், தமிழோ?"

"ஓம் பிள்ளை."

"அங்கிளின்ரை சப்பாத்து எங்கை?"

நான் செம்மறிகளைப் பார்த்தேன். அவை உதவிக்கு வரவில்லை.

"அந்தா" என்று விரிப்பைக் காட்டினேன்.

அவள் வானொலியில் ஏதோ சொன்னாள். சுழியோடிகள் ஒவ்வொருவராகக் கரைக்கு ஏறினார்கள். ஏறி என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் ஏசவில்லை. நோர்வேக்காரர் ஏச மாட்டார்கள். பார்ப்பார்கள். அதைவிட ஏசியிருக்கலாம்.

நாய் அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, "உடம்புக்கு நல்லது?" என்று கேட்டார்.

நாய் மட்டும் என் கால்விரலை நக்கி மன்னிப்பு வழங்கியது.

"அங்கிள், தண்ணிக்கை ஏன் இறங்கினீங்கள்? போர்டைப் பாக்கேல்லையோ?"

"குளிக்கக் கூடாது எண்டுதானே போட்டிருக்கு. நான் கால்தான் கழுவினனான்."

"இது ட்ரிக்கவன் அங்கிள்! ஒஸ்லோ சனம் குடிக்கிற தண்ணி!"

"கால் சுத்தமாத்தான் இருந்தது பிள்ளை."

"அப்ப ஏன் கழுவினீங்கள்?"

தவமணி பொலிஸில் சேர்ந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்.

"சரி பிள்ளை, பிழைதான். ஒரு உதவி மட்டும் செய்யுங்கோ. ஹம்மர்பெஸ்டிலை மகள் இருக்கிறா. அவவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

அவள் முகம் மாறியது.

"அங்கிள்... உங்கடை போன்லை 'மகள்' எண்டு இருந்தது. நான் கதைச்சிட்டன். அப்பாவைத் தேடுறம் எண்டு சொன்னனான். அவ எயார்போர்ட்டுக்கு வெளிக்கிட்டிட்டா."

அதுவரை எனக்கு இருந்த பயம் வேறு. இப்போது வந்த பயம் வேறு. தவமணி போய்விட்டாள் என்று விடியத் தொலைபேசி வந்த அன்று, துளசிக்கு அந்தச் செய்தியைச் சொன்னவன் நான். அவள் அப்போது போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தொலைபேசியை வாங்கித் துளசிக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். நொஸ்க்கில் பேசினாள். பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல்.

"கண்டுபிடித்துவிட்டீர்களா?"

"துளசி, நான் அப்பா."

பின்னால் விமான நிலைய அறிவிப்பு கேட்டது.

"அப்பாவோ? உண்மையா அப்பாவோ?"

"ஓமெண்டுறன். வேறை யார் உன்னோடை இப்பிடிக் கதைப்பினம்?"

அவள் அழுதாள். நான் நின்றேன். பொலிஸ்காரி மறுபக்கம் திரும்பி, படம் எடுக்க ஒன்றும் இல்லாத இடத்தைப் படம் எடுத்தாள்.

அழுது முடிந்து கோபம் வந்தது. கோபம் வந்ததும் எனக்கு நிம்மதி.

"தண்ணியிலை உங்களுக்கு என்ன வேலை?"

"கால் கழுவினனான்."

"ஏன்?"

"கோயிலுக்குப் போக."

"மாரிடாலனிலை என்ன கோயில்?"

"கூரையில்லாத கோயில். அம்மா சொன்னவா. கடைசியாச் சொன்னவா. சப்பாத்தைக் கழட்டி, கழுவிப்போட்டுத்தான் உள்ளுக்கை போகோணும் எண்டு."

மூக்கை உறிஞ்சினாள்.

"சோடியா வைச்சனீங்களோ?"

"சோடியாத்தான் வைச்சனான். அதாலைதான் பிரச்சினையே. எப்பவும் போலை வைச்சிருந்தால் ஒருத்தரும் தேடியிருக்கமாட்டினம்."

சிரித்தாளா, அழுதாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் அவளிடம் ஒரே சத்தம்தான். தாயிடமும் அப்படித்தான்.

எடுத்த ரிக்கற்றை வீணாக்க மனமில்லாமல் வந்து சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை, "அந்தக் கோயிலைக் காட்டுங்கோ" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். ஹம்மர்பெஸ்ட் தீர்ப்பு எப்போது வரும் என்று வழி முழுக்க அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மதிலடியில் நின்று அவளும் சப்பாத்தைக் கழற்றினாள். ஒன்றை வடக்கே போட்டாள். ஒன்றைத் தெற்கே போட்டாள்.

"பொலிஸ் வராது" என்றாள்.

உள்ளே புல்லில் கொஞ்ச நேரம் இருந்தோம். கடைசியில் தீர்ப்பு வந்தது.

"ஆடியிலை எனக்கு லீவு. அயர்லாந்துக்கு ரெண்டு பேரும் போவம். அதுவரைக்கும் குரோருட்டிலை இருங்கோ. ஆனால் ஒண்டு. கால் கழுவிற தண்ணியை வீட்டிலை இருந்து போத்திலிலை கொண்டு வாங்கோ."

"ஓம்" என்றேன். "சும்மா ஓம் எண்டாதேங்கோ" என்றாள்.

திரும்பும்போது கரையோரமாக ஏரி வரைக்கும் தேடினோம். தவமணி பின்னிய வலது காலுறை கிடைக்கவில்லை.

அது இப்போதும் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. ஒஸ்லோ அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.