மின் சேவைக்கு எத்தனை மார்க்?

"ரெண்டே கால்தான் சார்," என்றார் உதவி நூலகர் அம்மாள், படிவங்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு.

"அஞ்சுக்கா?"

"அஞ்சுக்குத்தான்."

நூலகர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறு வருஷம் மாடாய் உழைத்து அவர் கட்டிய மின் நூலகம். நாற்பதாயிரம் மின்னூல்கள், வீட்டில் படுத்துக்கொண்டே படிக்கலாம். வேறு எந்தக் கல்லூரிக்கும் இப்படி ஒன்று வாய்க்கவில்லை என்று கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். 'நம் நூலகத்தின் மின் சேவை எப்படி?' என்று ஒற்றைக் கேள்வியை அச்சடித்து மாணவர்களிடம் தினமும் நீட்டியது அந்தத் தைரியத்தில்தான்.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. வியாழக்கிழமை மார்க்தான் செல்லும். அது நாலுக்குக் கீழே போனால் மின் நூலகம் முழுவதையும் கணினித் துறை எடுத்துக்கொள்ளும். பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குத் தத்துக் கொடுப்பதுபோல.

"கம்ப்யூட்டர் பத்தலை. அதான் பிள்ளைங்களுக்குக் கோபம்," என்று முடிவு கட்டினார். கிடங்கிலிருந்து பன்னிரண்டு பழைய கணினிகள் வந்தன. மேசைகளில் இருந்த பிளக் பாயிண்டெல்லாம் அவற்றுக்கே சரியாகப் போயிற்று. சார்ஜரைக் கையில் பிடித்தபடி நின்ற பிள்ளைகள் அவரையே பார்த்தார்கள். பிரமித்துவிட்டார்கள் என்று அவருக்குப் பெருமை.

செவ்வாய்க்கிழமை மார்க் ஒன்றரை.

"தேடத் தெரியலைம்மா அவங்களுக்கு. சொல்லிக் கொடுத்துட்டா சரியாயிடும்." பெரிய திரையும் ஒலிபெருக்கியும் வந்தன. அவர் மைக்கைப் பிடித்து "அன்பு மாணவர்களே" என்றதும் ஃபியூஸ் போனது. விளக்கு, மின்விசிறி, கணினி எல்லாம் ஒன்றாக அணைந்தன.

"இன்னைக்கு ஒண்ணு சார். இதுக்குக் கீழ போட ஃபார்ம்ல நம்பரே இல்லை."

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். "இவ்வளவு லோடு தாங்காது சார். பழசையெல்லாம் எடுத்துடுங்க."

கணினிகள் வந்த வழியே கிடங்குக்குப் போயின. எலக்ட்ரீஷியன் மேசை மேசையாகப் புது ஒயர் இழுத்துப் பிளக் பாயிண்ட் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், நூலகர் கடைசி முயற்சியாக இணையதள முகப்பில் ஒரு வரவேற்புரை எழுதினார். நாலு பத்தி. நடுவில் சொந்தக் கவிதை வேறு.

வியாழக்கிழமை மார்க் நாலே முக்கால்.

"கவிதைதான்," என்றார் நூலகர். உடனே மனைவிக்கு போன் போட்டார். "உன் புருஷன் யாருன்னு காலேஜுக்கே தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு அது கல்யாணமான மறுவாரமே தெரியும்," என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை, குழுத் தலைவி படிவங்களைப் புரட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். "மின் சேவைக்கு இப்படி ஒரு மார்க் நாங்க எங்கேயும் பார்க்கலை. மின் நூலகம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

கணினித் துறைத் தலைவரே கைதட்டினார். நூலகருக்குக் கால் தரையில் பாவவில்லை.

தலைவி முன்வரிசையில் இருந்த மாணவியிடம் திரும்பினார். "இதுக்காக யாரைப் பாராட்டணும், நீயே சொல்லும்மா."

நூலகர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"எலக்ட்ரீஷியன் அண்ணனைத்தான் மேடம். மின் சேவை எப்படின்னு கேட்டிருந்தாங்க, நாங்க அவருக்குத்தான் அஞ்சு போட்டோம்."