பால்சோதனைச் சித்தரின் கறுப்புத் தீர்த்தம்

பர்லியார் வளைவில் கூட்டமென்றால் கூட்டம், அப்படியொரு கூட்டம்! ஊட்டியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் ஜீப் ஜீப்பாகத் தாய்மார்கள் வந்து இறங்கினார்கள். இடுப்பில் கைக்குழந்தை, முகத்தில் பயம். மேட்டுப்பாளையம் மலைப்பாதையே அடைத்துக்கொண்டது. பலாப்பழக்காரர்களுக்கு ஏக வியாபாரம். எல்லாம் பால்சோதனைச் சித்தர் லிங்கசாமியின் மகிமை!

சித்தர் முன்னால் கண்ணாடிக் குவளை. அதில் ஏழு மலை மூலிகைத் தீர்த்தம், பழுப்பு நிறத்தில். சுற்றிலும் சாம்பிராணிப் புகை. அதில் தாய்ப்பால் நாலு சொட்டு விட்டு, துணி சுற்றிய குச்சியால் கலக்குவார்.

"மாத்திரை சாப்பிட்டியா தாயி?"

"ஆமாங்க சாமி" என்றால் தீர்த்தம் மை மாதிரி கறுத்துவிடும். "இல்லீங்க" என்றால் கறுக்காது. பதிலை முதலில் கேட்டுக்கொண்டு பிறகு அதையே கண்டுபிடிக்கிற ஞானம் யாருக்கு வரும்? கறுத்தால் விஷப்பால். தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, சித்தர் டப்பாவில் விற்கும் பால்மாவைத்தான் குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வாசுகிக்கு ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்திருந்தது. தையல் வலிக்கு மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா இபுப்ரூஃபன் எழுதித் தந்திருந்தார். கணவன் பாலகுமார் அவள் பாலைச் சித்தரிடம் கொண்டுபோய்க் காட்டினான். கறுப்பு! மாத்திரை குப்பைக்குப் போயிற்று. வலியில் வாசுகியால் நிமிர முடியவில்லை. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. பால்மா குடித்த குழந்தை வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தது.

"ஏனுங்க, டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணுனேன்," என்றாள் வாசுகி. "அந்த மாத்திரை பாலுல துளியூண்டுதான் எறங்குமாம். புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுதான் எழுதுனாங்களாம். நாமளா கடையில ஆஸ்பிரின், கண்ட வலி மாத்திரைன்னு வாங்கித் திங்கக் கூடாது, அவ்வளவுதான். பால் குடுத்துட்டு, புள்ளையத் தூக்கிட்டு ஒடனே வரச் சொன்னாங்க."

"அவங்க ஆயிரம் சொல்லுவாங்க. கறுத்ததை நாங் கண்ணால பாத்தனே!"

"அப்ப எனக்கும் காட்டுங்க. மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்குப் போற வழிதானே?"

மறுபடியும் கறுத்தால் பால் கொடுக்கக் கூடாது என்பது பாலகுமாரின் நிபந்தனை. ஜீப் பர்லியாரில் நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிய வாசுகி இரண்டு குப்பிகளை நீட்டினாள்.

"சாமி, இது மாத்திரை சாப்பிட்டவ பால். இது சாப்பிடாதவ பால்."

முதலாவது கறுத்தது. சித்தர் புதுத் தீர்த்தம் ஊற்றி, வேறொரு குச்சியை எடுத்தார். இரண்டாவது கறுக்கவில்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ரெண்டும் ஒரே பாக்கெட்டுப் பாலுங்க சாமி!" என்றாள் வாசுகி. "காலையில டீக்கடையில வாங்குனது. மாடு எந்த ஆஸ்பத்திரியில மாத்திரை வாங்குச்சுங்க?"

ஒரே சிரிப்பு. "கோமாதாவுக்கும் தோஷம் உண்டு!" என்று சித்தர் சமாளித்தார். ஆனால் வாசுகி குவளையை மூக்கருகே கொண்டுபோயிருந்தாள்.

"அடக் கருமமே, இது சாயத்தண்ணி!"

பாலில்லாத தேயிலைச் சாயம். எஸ்டேட் ஜனங்களுக்கு எதை விழுங்கவும் அதுதான் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சாப்பிடாதே என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொள்வாள். கேட்டால்தானே! மாசமாக இருந்தபோது வாசுகி ஒரு மாத்திரையைச் சாயத்தண்ணியில் கரைத்துப் பார்த்திருக்கிறாள். இதே கறுப்பு!

சித்தரின் முதல் குச்சியைப் பிடுங்கினாள். பாலகுமாரின் பிளாஸ்க் மூடியில் சாயத்தண்ணியை ஊற்றி, அந்தக் குச்சியால் கலக்கினாள். பால் ஒரு சொட்டுகூட இல்லை. கறுத்தது!

யாரோ சித்தரின் பாயை இழுத்தார்கள். அடியில் அட்டை அட்டையாக இரும்புச்சத்து மாத்திரை! அதைத் தூளாக்கித்தான் முதல் குச்சித் துணியில் தடவியிருக்கிறார். மாத்திரை விஷமென்று மிரட்டியவருக்குப் பிழைப்பே மாத்திரைதான். சித்தர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பழத்தோட்டப் பக்கம் ஓடினார். கூட்டமும் விடவில்லை.

ஜீப்பில் ஏறியதும் வாசுகி குழந்தையை மார்போடு அணைத்தாள். குழந்தை பிடித்துக்கொண்டு குடித்தது. அவள் அழுதேவிட்டாள். பாலகுமார் ஆஸ்பத்திரி வரை ஒரு தலையணையை அவள் முதுகுக்குப் பிடித்துக்கொண்டே வந்தான்.

நாம் பறித்த இலை, நாம் தினமும் குடிக்கிற சாயம். அதையே தீர்த்தமென்று ஒருவன் நீட்டினால் நம் மூக்குகூடவா வேலை செய்யாது? நாளைக்கு அடுத்த சித்தன் வருவான். கும்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை மோந்தாவது பாருங்களய்யா!