மஞ்சள்கரு கீறிய மாதா

செத்துப் பல நூறு வருடமான ஒருவனுக்காக, உயிரோடு இருக்கிற அத்தனை பேரையும் பகைத்துக்கொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இத்தாலியில், பலெர்மோவின் சீசாப் பகுதியில், எங்களோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார். மன்னார்க்காரர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருடைய பெர்மெசோ என்கிற வதிவிட அட்டையில் இருந்தது. அதிகாரிகளைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் மஞ்சள்கரு.

செத்துப்போன அந்த ஒருவன் மத்தியகாலத்து ஓவியன். இதே ஊரில் இருந்துகொண்டு மாதா படங்கள் கீறியவன். அந்தக் காலத்தில் சாயத்தூளை முட்டையின் மஞ்சள்கருவில் குழைத்து மரப்பலகையில் கீறுவார்களாம். நம்மவரும் அப்படியே செய்தார். மஞ்சள் பலகைக்குப் போகும், வெள்ளை எங்களுக்கு வரும். வெள்ளை ஒம்லெட், வெள்ளை முட்டைக் குழம்பு, வெள்ளைக் கொத்து. ஓர் உணவகத்தில் நாள் முழுக்கக் கோப்பை கழுவிவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் கிடைப்பது இதுதான்.

"அண்ணை, ஒரு நாளைக்காவது முழு முட்டை தாங்கோ."

"மாதாவின்ரை முகத்துக்கே இன்னும் காணாது, தம்பி. உமக்கு முகம் இருக்குத்தானே?"

அந்த ஓவியனின் பெயர் யாருக்கும் தெரியாது. அருங்காட்சியகத்தில் அவனுடைய படங்கள் மூன்று தொங்குகின்றன. மூன்றுக்கும் கீழே, பெயர் அறியப்படவில்லை என்று ஒரே மாதிரி அட்டை. உலகத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை மஞ்சள்கரு சொல்லுவார், யாரும் கேட்காமலே. மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம் என்பதால், நித்திரை கொள்ள இருந்த எங்களை இழுத்துக்கொண்டு போய் அந்தப் படங்களுக்கு முன்னால் நிறுத்துவார்.

"உவனுக்குப் பொல்லாத கோபம்" என்று தொடங்குவார். "மாதாவின்ரை முக்காட்டைப் பாருங்கோ. இந்த இடத்திலை தூரிகை அழுந்திக் கிடக்கு. ஆரோ பின்னாலை நிண்டு புத்தி சொல்லியிருக்கினம்."

"அது சரி அண்ணை, சேசுபாலன் ஏன் கிழவன் மாதிரி இருக்கிறார்?"

"உலகத்தின்ரை பாவம் முழுக்கச் சுமக்க வந்த பிள்ளை, பவுடர் பூசின மாதிரியே இருக்கும்? இஞ்சை வாரும். இந்தச் சிறகு முளைச்ச சம்மனசைப் பாரும். மூண்டு படத்திலையும் இதே முகந்தான். உவன்ரை மோள்."

"மோள் எண்டு ஆர் சொன்னது?"

"மற்ற எல்லாரும் படத்துக்குப் படம் வயசு போகினம். இவள் மட்டும் வளரேல்லை. பிறகென்ன?"

அந்தச் செத்த மகளின் முகத்தை மூன்று படத்திலும் திரும்பப் போய்ப் பார்த்தேன். சிரிக்கலாம் என்று வந்தவனுக்கு அது பெரிய தொல்லையாகப் போய்விட்டது.

பகலில் அவருக்கு லிபெர்த்தா என்கிற பணக்காரத் தெருவில் வேலை. படுக்கையில் கிடந்த ஒரு வயதான சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, ஏச்சு வாங்க வேண்டும். அந்த அம்மா தந்த பழைய அலுமாரிக் கதவில்தான் கீறிப் பழகினார். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. "கோயிலுக்குள்ளை என்ரை படம் ஒண்டு இருக்க வேணும். சனம் அதைப் பாத்துக் கும்பிட வேணும். வேறை ஒண்டும் வேண்டாம், தம்பி." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

அந்த ஆசைக்கு ஒரு வழி பிறந்தது. வருடா வருடம் மன்னார் மடு மாதா திருநாளுக்கு எங்கள் ஆட்கள் பக்கப் பீடத்தில் போட்டோ அடித்த ஒரு பானர் கட்டுவார்கள். இந்த முறை இத்தாலியப் பங்குச்சாமி, கையால் கீறிய படம் என்றால் சுவரிலேயே நிரந்தரமாக விடலாம் என்று சொல்லிவிட்டார். உடனே எங்கள் ஆட்களின் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். பலெர்மோவில் வெயிலுக்கு அடுத்தபடியாகத் தட்டுப்பாடு இல்லாமல் கிடைப்பது தலைவர்கள். இவர் பல்லரோச் சந்தையில் மளிகைக்கடை வைத்திருப்பவர். பானரில் மாதா எவ்வளவு உயரமோ, அவருடைய போட்டோவும் கிட்டத்தட்ட அவ்வளவு உயரம் இருக்கும்.

"ஐசே, பானர் எண்டால் எங்கடை போட்டோவும் வரும். உதிலை என்ன மாதிரி?"

"கவலைப்படாதேங்கோ. கோயிலுக்குக் குடுத்த ஆக்களைப் படத்துக்குள்ளை கீறுறது அந்தக் காலத்து முறை. என்ரை ஆளும் கீறியிருக்கிறான்."

"மாதாவோடையோ?"

"ஓம். மாதாவின்ரை காலடியிலை, முழங்காலிலை நிண்டு கும்பிடுற மாதிரி."

தலைவர் அடுத்த நாளே மீசைக்கு மை பூசி, கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் குசினியில் முழங்காலில் நின்றார். நின்றபடியே டொரொண்டோவுக்கும் லண்டனுக்கும் போன் எடுத்தார். "கொஞ்சம் மெலிவாக் கீறும்" என்றார். "மெலிவாத்தான் வருவியள்" என்றார் மஞ்சள்கரு. அதில் பொய் ஒன்றும் இல்லை.

சங்கம் கொடுத்தது படத்தை மூட ஒரு திரைச்சீலை மட்டும். படத்தின் பின்னணி முழுக்கப் பொன் தாள் ஒட்ட வேண்டியிருந்தது. அதற்கு அவருடைய கழுத்துச் சங்கிலி போனது. ஏன் அண்ணை என்று கேட்டதற்கு, கழுத்தில் கிடந்து வேர்வையில் ஊறியதுதானே என்றார்.

திருநாள் பூசை முடிந்து திரையை விலக்கினார்கள். எங்கள் வீட்டு மஞ்சள் எல்லாம் எங்கே போனது என்று அன்றைக்குத்தான் கண்டேன். அந்த முகம் என்னையே பார்த்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

"நான் எங்கை?" என்றார் தலைவர்.

அவருடைய மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து தேடினா. "இஞ்சை இருக்கிறியளப்பா. மாதாவின்ரை செருப்புக்குப் பக்கத்திலை."

பெருவிரல் நகத்தளவில் சங்கத்து ஆட்கள் வரிசையாக முழங்காலில் நின்றார்கள். ஒரு சின்னப் பிள்ளை "ஃபொர்மீக்கே! எறும்பு, எறும்பு!" என்று கைதட்டியது.

"என்ன விசர் வேலை ஐசே? என்னை மூட்டைப்பூச்சி மாதிரிக் கீறி வைச்சிருக்கிறீர்!"

"மாதாவுக்கு முன்னாலை மனிசர் உவ்வளவுதான், தலைவர். கோயில் கட்டிக் குடுத்த பிரபுக்களையே என்ரை ஆள் உந்த அளவிலைதான் கீறினவன். ஒருத்தரும் சண்டைக்கு வரேல்லை."

"அவங்கள் செத்துப்போட்டாங்கள்! நான் உயிரோடை இருக்கிறன். டொரொண்டோவுக்குப் போட்டோ அனுப்ப வேணும்!"

சங்கம் கூடியது. ஆட்களைப் பெரிதாக்கினால் படம் சுவரில் இருக்கும், இல்லையென்றால் இறங்கும் என்று முடிவு சொன்னார்கள். நான் அவரிடம் கெஞ்சினேன். "அண்ணை, ஒரு சாண் அளவுக்குப் பெருப்பிச்சு விடுங்கோ. உங்கடை படம் கோயிலிலை நிக்கும். இதுக்குத்தானே இவ்வளவு நாளும்?"

அவர் தூரிகையைக்கூடக் கையில் எடுத்தார். படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கழுவி வைத்துவிட்டார். "பெருப்பிச்சால் அவர்தான் தெரிவார், தம்பி. சனம் ஆரைக் கும்பிடும்?"

அடுத்த ஞாயிறு பீடத்தில் பழைய பானர் தொங்கியது. மாதா எங்கள் குசினிச் சுவருக்கு வந்தா. எனக்கு அந்தத் தலைவரைப் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. அரிசி மட்டும் அவர் கடையில்தான் வாங்குகிறேன். மற்றக் கடை தூரம்.

மஞ்சள்கரு அதற்குப் பிறகு கீறவில்லை. வீட்டில் முழு முட்டை பொரித்தோம். நான் மஞ்சளைக் கோப்பை ஓரத்தில் ஒதுக்கினேன். சிஞ்ஞோரா இறந்ததும் வேலை போய், வடக்கே ஒரு நகரத்துக்குப் போனார். "பலகையை ரெயினிலை கொண்டுபோக ஏலாது. பேந்து வந்து எடுக்கிறன்" என்றார். வரவில்லை. குளிர்காலத்தில் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம்.

தலைவர்தான் நினைவுப் பூசைக்கு ஒழுங்கு செய்தார். நான் கடைக்குப் போய்க் கேட்டேன். "அவர் கீறின படத்தை அண்டைக்கு ஒருநாளாவது கோயிலிலை மாட்டுவம்."

"அது வேண்டாம் தம்பி. பானருக்குக் குடுத்திட்டன். நல்ல பெரிசா அடிக்கச் சொன்னனான். எங்களோடை இருந்த மனிசனெல்லே?" சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நடிக்கிறார் என்றால் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

பானர் தரையிலிருந்து கூரை வரை இருந்தது. பெர்மெசோ அட்டைப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். அவருடைய ஒரு காதே என் தலையளவு. மாதா மேல் மூலையில், தபால் முத்திரை அளவில் இருந்தா. அவர் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் பூசைக்கு நடுவில் எழும்பி வெளியே போயிருப்பார். நான் இருந்து அழுதேன். பாதி துக்கம், பாதி ஆத்திரம்.

வீட்டுக்கு வந்து குசினியில் அவர் கீறிய படத்தைப் பார்த்தேன். தலைவர் இருக்கிறார், செயலாளர் இருக்கிறார், திரைச்சீலை கொடுத்த எல்லோரும் மாதாவின் காலடியில் இருக்கிறார்கள். சங்கிலி கொடுத்தவர் இல்லை. எனக்குக் கீற வராது. ஆனாலும் செயலாளருக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. பேனையை எடுத்து அந்த இடத்தில் ஒருவரை முழங்காலில் இருத்தினேன், நகத்தளவில். இன்னும் பெரிதாகக் கீறத்தான் ஆசை. அண்ணைக்குப் பிடிக்காது.